சேற்றுக்குள் இருக்கும் கணக்கு

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் ஒரு மரத்தால் வந்தது. கோயிலின் தலமரம் அது. ஆனால் இன்று கோயிலைச் சுற்றித் தேடினால் தில்லை மரம் சுலபத்தில் கண்ணில் படாது. கிழக்கே பிச்சாவரம் வரை போய், உப்பங்கழி ஓரமாகத்தான் பார்க்க வேண்டும். கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆங்கிலத்தில்கூட 'கண்ணைக் குருடாக்கும் மரம்' என்ற பொருளில்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தில்லை, அலையாத்திக் காடுகளில் வளரும் மரங்களில் ஒன்று. அலையாத்தி என்ற சொல்லையே பாருங்கள், அலையை ஆற்றுவது! சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் கண்டல் என்று வருவதும் இந்த வகை மரம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் காடுகளுக்குத் திடீரென்று பெரிய மவுசு வந்தது. பிச்சாவரத்தை ஒட்டிய சில ஊர்கள் தப்பியதற்குக் காடுதான் காரணம் என்று சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் கொஞ்சம் மேடாகவும் இருந்ததுதான் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் காடு ஓசைப்படாமல் செய்யும் இன்னொரு வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி மரத்தில் நடப்பதில்லை, மரத்துக்குக் கீழே சேற்றில் நடக்கிறது.

பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்த வாடை நினைவிருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றிலிருந்து லேசாக ஒரு கூமுட்டை நாற்றம் எழும். மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால் கதையே அந்த நாற்றத்தில்தான் இருக்கிறது.

சாதாரணக் காட்டில் ஓர் இலை விழுந்தால் என்ன ஆகும்? கரையான், பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதைத் தின்று தீர்த்துவிடும். இலை காற்றிலிருந்து எடுத்து வைத்திருந்த கார்பன், கரியமில வாயுவாக மறுபடி காற்றுக்கே போய்விடும். சில மாதம், அதிகம் போனால் சில வருடம். அலையாத்திக் காட்டுச் சேற்றில் இந்த வேலை நடக்கத் தேவையான ஆக்சிஜன் கிடையாது. மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருப்பதால், மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. (வெண்கண்டல் மரம் மூச்சு விடுவதற்காக வேர்களைப் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.) அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டை வைத்துக் காலம் தள்ளுகின்றன. அப்போது வெளியாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்தக் கூமுட்டை வாடை. இந்த வழியில் மக்குவது ரொம்ப மெதுவாக நடக்கும். விழுந்த இலையும் செத்த வேரும் பாதி மக்கியும் மக்காமலும் கிடக்க, அடுத்த ஓதம் கொண்டுவரும் வண்டல் அவற்றின் மேல் படியும். அதன் மேல் இன்னொரு அடுக்கு. இப்படியே நூற்றுக்கணக்கான வருடங்கள்.

மலைக்காட்டு மண் ஓரளவுக்கு மேல் கார்பனைச் சேர்க்காது, வரவும் செலவும் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும். அலையாத்திக் காட்டில் கடல்மட்டம் மெல்ல உயர உயர, அதோடு சேறும் உயர்ந்துகொண்டே போகும். பெட்டி நிரம்புவதே இல்லை.

எவ்வளவு சேர்கிறது என்று முதன்முதலில் விரிவாக அளந்து சொன்ன ஆய்வுகளில் முக்கியமானது 2011ல் வெளிவந்தது. டொனாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் இந்தோ-பசிபிக் பகுதியில் 25 அலையாத்திக் காடுகளில் மரத்தையும் அளந்தார்கள், சேற்றைத் துளைத்து எடுத்தும் அளந்தார்கள். சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன்! வெப்பமண்டலத்தின் சாதாரணக் காடுகளைப் போல மூன்று நான்கு மடங்கு. அதில் 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணில் இருந்தது. அதாவது சில இடங்களில் மரம் என்பது வெறும் அடையாளப் பலகை, சரக்கு முழுக்கக் கிடங்கில்.

ஆயிரம் டன் என்றால் எவ்வளவு என்பது மனதில் நிற்காது. அதை இப்படிப் பார்க்கலாம். அந்தக் கார்பன் முழுவதும் கரியமில வாயுவானால் 3,750 டன் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் சேற்றுக்காட்டில் இருப்பது ஏறக்குறைய 16 லட்சம் லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சரக்கு. ஆனால் இந்தச் சராசரியை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. இந்தோனேசியாவில் ஆள் உயரத்துக்கு மேல் கரிச்சேறு படிந்த காடுகளும் அந்தக் கணக்கில் உண்டு. வெயிலும் உப்பும் அதிகமாக, மரங்கள் குட்டையாக உள்ள பிச்சாவரம் போன்ற இடங்களில் அளவு இதைவிடக் குறைவுதான்.

கடலோரம் இப்படிச் சேரும் கார்பனுக்கு 'நீலக் கார்பன்' என்று 2009ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை ஒன்று பெயர் சூட்டியது. அலையாத்தி, கடற்புல், உவர்ச் சதுப்பு மூன்றும் அதில் அடக்கம். பெயர் பிரபலமாகிவிட்டது, கூட்டங்களும் ஏராளமாக நடந்துவிட்டன. ஆனால் அந்தப் பெயரில் பேசும்போது பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு: சேரும் வேகமும் கரையும் வேகமும் ஒன்றல்ல.

சேற்றில் கார்பன் படிவது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை, இரண்டு டன் அளவில்தான். ஆயிரம் டன் சேர ஐந்நூறு வருடமாவது வேண்டும். அதே இடத்தில் ஒரு பொக்லைன் இறங்கினால் வேலை ஒரு வாரம்.

தென்கிழக்கு ஆசியாவில் நடந்தது அதுதான். இறால், மீன் வளர்ப்புக் குளங்களுக்காகக் காட்டை அழித்தார்கள். பிலிப்பைன்ஸில் 1918ல் சுமார் நாலரை லட்சம் ஹெக்டேர் இருந்த அலையாத்திக் காடு 1990களின் நடுவில் 1.2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. குளம் வெட்டும்போது மரம் போவது கண்ணுக்குத் தெரியும். மரத்தோடு ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சேற்றையும் வாரிக் கரையாகக் கொட்டுகிறார்களே, பெரிய இழப்பு அங்கேதான். பல நூற்றாண்டு ஆக்சிஜனையே பார்க்காத சேறு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காற்றைப் பார்க்கிறது. இத்தனை காலம் பட்டினி கிடந்தது போல நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற தாது இருக்கும். காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறும். மழை பெய்தால் அமிலம் குளத்துக்குள் வழியும், இறால் சாகும். பல குளங்கள் சில வருடங்களிலேயே கைவிடப்பட்டதற்கு நோயோடு இதுவும் ஒரு காரணம். இறாலும் போய், காடும் போய், கார்பனும் போய்...

தமிழ்நாட்டில் 1990களில் இறால் பண்ணைகள் வந்தது பெரும்பாலும் காட்டை அழித்து அல்ல, வயல்களிலும் கடலோரப் புறம்போக்கிலும்தான். அதனால் காந்தியவாதி ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கிலும், 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பிலும் பிரச்சினை நிலமும் குடிநீரும் உப்பாவது பற்றியே இருந்தது. கார்பன் என்ற பேச்சே அன்று கிடையாது.

ஆனால் பிச்சாவரத்துக்கு வேறு விதமாக அடி விழுந்திருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை மொட்டையாக வெட்டுவது, பிறகு தானே முளைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான திட்டம். சேற்றில் அது பலிக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் இறங்கியது. ஈரம் வற்றி, வேர்கள் மக்கி, மண் அமுங்கித் தட்டு போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது அந்தக் குழிக்குள் வந்த கடல்நீருக்கு இறங்கும்போது வெளியேற வழி இல்லை. அங்கேயே நின்று ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச்சென்றது. உப்பு ஏற ஏற, உப்பிலேயே வாழப் பழகிய கண்டல்கூட முளைக்கவில்லை. பழி யார் மீது விழுந்தது தெரியுமா? விறகு பொறுக்கிய கிராமத்துப் பெண்கள் மீதும் மாடு மேய்த்தவர்கள் மீதும்!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து இந்தக் குழிகளைப் பார்த்துக் கண்டுபிடித்த மருந்து ரொம்ப எளிமையானது. ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். ஓதத்துக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் வழி கிடைத்தது, உப்பு கழுவப்பட்டது, அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, இது பெரிய சாதனைதான். கன்றைவிடத் தண்ணீர் போகும் வழி முக்கியம் என்று புரிந்துகொண்டதால் கிடைத்த சாதனை. பச்சை பத்துப் பதினைந்து வருடத்தில் திரும்பிவிடும். அமுங்கிப்போன மண்ணோடு கரைந்த சரக்கு மட்டும் அதே வேகத்தில் திரும்பாது.

பிலிப்பைன்ஸிலும் மரம் நட்டார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்து பெரிய அளவில் நட்டார்கள். பல திட்டங்களில் நெடுநாள் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான். ஏன்? காடு முன்பு இருந்த இடமெல்லாம் குளமாகி யாரோ ஒருவர் கைவசம் இருக்கிறது. அங்கே நடப் போனால் தகராறு வரும். யாருக்கும் சொந்தமில்லாத இடம், கரைக்கு முன்னால் உள்ள திறந்த சேற்றுத்திட்டும் ஆழமில்லாத கடலும்தான். அங்கே கன்றுகளை வரிசையாக ஊன்றினார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் அதிகமாக நிற்கும் அந்த இடத்தில் அலையாத்தி இயற்கையாக வளராது. வேதனை என்னவென்றால், அந்த இடங்களில் பல ஏற்கெனவே கடற்புல் வளர்ந்திருந்த இடங்கள். ஒரு கார்பன் கிடங்கை மிதித்துக் கெடுத்து அதன் மேல் இன்னொரு கிடங்கு கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

கடற்புல்லுக்கு இந்தக் கதி வருவதற்குக் காரணம் அது கண்ணில் படாததுதான். பாசி என்று பலர் நினைக்கிறார்கள். பாசி இல்லை, வேரும் தண்டும் பூவும் உள்ள அசல் தாவரம், கடலுக்கு அடியிலேயே பூத்துக் காய்ப்பது. இலைகள் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மிதக்கும் துகள்களை வண்டலாகப் படியவைக்கும். மண்ணுக்குள் படரும் தண்டும் வேரும் அந்த வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அலையாத்திக் காட்டில் நடக்கும் அதே கதைதான். உலகக் கடற்பரப்பில் 0.2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் இருந்துகொண்டு, கடல் ஆண்டுதோறும் மண்ணில் புதைக்கும் கார்பனில் சுமார் பத்தில் ஒரு பங்கைப் புதைக்கிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு அதிகம். 2012ல் வந்த ஆய்வு ஒன்று 420 முதல் 840 கோடி டன் கார்பன் வரை என்று நிதானமாகவும், 1,990 கோடி டன் வரை இருக்கலாம் என்று தாராளமாகவும் சொன்னது. சுண்ணாம்பு மிகுந்த கடல்களில் கிளிஞ்சல் போன்றவை உருவாகும்போதே கொஞ்சம் கரியமில வாயு வெளியாகிறது, அதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஆனால் இழப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு இடம் போதும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே. உலகின் மிகப்பெரிய கடற்புல் வெளிகளில் ஒன்று. அங்கே 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ள புல் முழுவதும் ஒரே விதையிலிருந்து வந்த ஒரே செடி, வயது சுமார் 4,500 என்று 2022ல் மரபணுச் சோதனை மூலம் கண்டுபிடித்தார்கள். 1991லிருந்தே உலகப் பாரம்பரியச் சின்னம், நல்ல பாதுகாப்பும் உண்டு. 2010-11 கோடையில் கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட 2 முதல் 4 டிகிரி வரை ஏறி, இரண்டு மாதத்துக்கு மேல் இறங்காமல் நின்றது. கடற்புல் வெளியில் 36 சதவீதம் பாதிக்கப்பட்டது. பிடித்து வைக்க வேர் இல்லாமல் போன மண் கலைந்தது. அடுத்த மூன்று வருடத்தில் 20 லட்சத்திலிருந்து 90 லட்சம் டன் வரை கரியமில வாயு வெளியாகியிருக்கலாம் என்று 2018ல் கணக்கிட்டார்கள். யாரும் வெட்டவில்லை, தோண்டவில்லை. வேலி போட்டுக் காத்த இடம்தான்! காற்றில் சேர்ந்த கரியமில வாயு கடலைச் சூடாக்க, சூடான கடல் புல்லைக் கொல்ல, செத்த புல்லுக்கடியிலிருந்து மேலும் கரியமில வாயு... வட்டி குட்டி போடுவது போலத்தான்.

அலையாத்திக் காடு அழியும் வேகம் இந்த நூற்றாண்டில் நன்றாகவே குறைந்துவிட்டது என்பது உண்மையிலேயே நல்ல செய்தி. கடற்புல்லுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1879லிருந்து கிடைத்த பதிவுகளைத் தொகுத்து 2009ல் வெளியான ஆய்வின்படி, பதிவான கடற்புல் பரப்பில் 29 சதவீதம் மறைந்துவிட்டது. கலங்கிய கடலில் செயற்கைக்கோளுக்கும் புல் சரியாகத் தெரியாது. இருந்தது தெரிந்தால்தானே போனது தெரியும்?

இந்தியாவில் இதன் நல்ல பகுதி பாக் விரிகுடாவில் இருக்கிறது. அதை மேய்ந்து வாழும் கடல் பசுவை, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள், காப்பதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவின் பெயரால் புல்லுக்கும், புல்லுக்கடியில் உள்ள மண்ணுக்கும் ஒரு காவல் கிடைத்திருக்கிறது. அலையாத்திக்கோ தனியாகவே திட்டங்கள் உண்டு. மத்திய அரசு 2023ல் தொடங்கிய மிஷ்டி திட்டம் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்தியை வளர்ப்பதாகச் சொல்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் அழகாக உட்காரும். தோண்டாமல் விட்ட சேற்றுக்கும் கலையாமல் கிடக்கும் கடலடி மண்ணுக்கும் அப்படி ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. கென்யாவின் காசி விரிகுடாவில் 2013லிருந்து கிராமத்தார் 117 ஹெக்டேர் காட்டைக் காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரியமில வாயுவுக்கான சான்றை விற்று, அந்தப் பணத்தில் குடிநீர், பள்ளிக்கூட வேலைகளைச் செய்கிறார்கள். அது சின்ன இடம், ஊர் முழுக்க ஒரே பேச்சாக நிற்க முடிந்தது.

பாக் விரிகுடாவில் அது அவ்வளவு சுலபமில்லை. செத்துப்போன திட்டுகளில் மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் கடற்புல்லைக் கட்டி இறக்கி வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஒவ்வொரு சட்டமாகக் கையால் செய்யும் வேலை. இன்னொரு பக்கம், விசைப்படகுகளின் இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போகிறது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மூன்று மைல் தாண்டி, கொஞ்ச தூரத்திலேயே இலங்கை எல்லை வந்துவிடுகிற குறுகிய கடல் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மடியை நம்பித்தான் இருக்கின்றன. அவர்களிடம் போய் கடலுக்கடியில் கார்பன் இருக்கிறது, மடியை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது யாருக்கும் வாய்வராத பேச்சு.

மாற்று வழி ஒன்று 2017ல் அறிவிக்கப்பட்டது. மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகள். ஒரு படகின் விலை அப்போது 80 லட்சம். மத்திய, மாநில அரசுகள் 70 சதவீதம் கொடுக்கும், மீதி 24 லட்சம் கடனும் சொந்தப் பணமுமாக மீனவர் போட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. சூரைக்குத் தூண்டில் போட நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். பாக் விரிகுடாவில் பழகியவர்கள் ஒரு இரவு போய்க் காலையில் கரை திரும்புகிறவர்கள். இரண்டாயிரத்தின் பக்கத்தில்கூடக் கணக்கு போகவில்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்ற பழைய ஏற்பாட்டின்படி ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் அதே மடியோடு போய்க்கொண்டிருக்கின்றன.